கிரீஸ் டாக்டரின் நனையாத படகு

பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு ரகம். வாங்கிய நாள் முதல் பேணிக்கொண்டே இருப்பவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தை அசலாகப் பார்க்க ஆசையா? ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பல் டாக்டர் வீட்டு வாசலுக்கு வாருங்கள்.

அவர் ஒரு படகு வாங்கி மூன்று வருடமாகிறது. மழையைத் தவிர வேறு தண்ணீரை அது கண்டதில்லை. டாக்டரின் பாசமெல்லாம் அதைச் சுமக்கும் டிரெய்லரின் சக்கரங்கள் மேல். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டு, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைக் கழற்றி, அதற்குள் இருக்கும் பேரிங்கை டீசலில் ஊறவைத்து, பல் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்து (தொழில் புத்தி போகுமா?), உள்ளங்கையில் கிரீஸை எடுத்து அப்பி அப்பி உள்ளே ஏற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலைப் புதிதாகத் தட்டி, நட்டை முடுக்கி, முடுக்கியதைத் துளி தளர்த்தி... அப்பாடா! முடிந்ததா? எங்கே? இன்னொரு சக்கரம் இருக்கிறதே!

"இந்த வாரமாவது ஏரிக்குப் போவோமாங்க?" என்பார் மனைவி.

"தாராளமா. பேரிங்கை மட்டும் ஒரு தடவை பாத்துடறேன்."

போன மாதம் அந்த அம்மாளின் பொறுமை தீர்ந்தது. "இன்னைக்குப் படகு தண்ணியில எறங்கணும். இல்லன்னா அதுல மண்ணைக் கொட்டிக் கீரை வெதைச்சிடுவேன்."

கிளம்பினார்கள். பின்னாலேயே மனைவியின் தம்பி, தன் பழைய படகோடு. அவன் டிரெய்லர் இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தது. டாக்டரோ கால்மணிக்கு ஒருமுறை இறங்கி, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் ஹப்பைத் தொட்டுப் பார்த்தார்.

ஏரிக்கரையில் அவர் படகை இறக்கக் கைகொடுக்க வந்த தம்பியைக் கையை விரித்து மறித்தார். "எறக்காதே! ஹப்பு சுடுது. சூட்டோட தண்ணியில விட்டா சீல் வழியா தண்ணிய உள்ள இழுத்துக்கும். பேரிங் துருப்பிடிச்சிடும். அரைமணி ஆறட்டும்."

சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் நிறுத்தியிருந்தது உச்சி வெயிலில். எப்படி ஆறும்? நிழலுக்கு நகர்த்தினார். நகர்த்தியதில் மறுபடி சூடேறியிருக்குமோ என்று சந்தேகம் வந்தது.

"நீ வா அக்கா" என்றான் தம்பி.

நடு ஏரியிலிருந்து மனைவி கையசைத்தார். டாக்டரும் அசைத்தார், ஒரு கையால். இன்னொரு கை ஹப்பின் மேல் இருந்தது.

சாயங்காலம் தம்பியின் டிரெய்லர் கரையேறிப் பத்தடி போனதும் ஒரு சக்கரம் சுற்ற மாட்டேன் என்று இழுபட்டது. ஹப்பைத் திறந்தால் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பொடி!

"கடைசியா எப்ப கிரீஸ் வெச்ச?" நோயாளியிடம் கேட்கும் அதே குரல்.

"வாங்கும்போதே வெச்சிருப்பாங்கன்னு நெனச்சேன் அத்தான்."

டாக்டருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மண்டியிட்டார். பெட்டியிலிருந்து பேரிங், சீல், கிரீஸ் எல்லாம் வெளியே வந்தன. நல்லவேளை, அளவும் ஒன்றே. ஒரு மணி நேரத்தில் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது.

"இப்படி ஒரு நாள் நமக்கு வந்ததே இல்லைங்க" என்றார் மனைவி, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே.

"ஆமாம்மா" என்றார் டாக்டர், முழங்கை வரை கிரீஸோடு. பொய்யே இல்லை. அவர் படகு மட்டும் போனபடியே காய்ந்து வீடு திரும்பியது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். டிவி ரிமோட்டைப் பிளாஸ்டிக் உறையோடு அழுத்துகிறவர்கள் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சிரிக்கவும்.