வால்வும் நான் வாங்கிய ஜப்பான் பெட்டியும்

மைக் செட் வைத்துப் பிழைத்தவர்களிலேயே சத்தத்தை அடியோடு வெறுத்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் திருச்செங்கோட்டில், நான் குமாஸ்தாவாக இருந்த லாரி ஆபீசுக்கு அடுத்த கடையில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் வால்வு.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் வந்துவிட்டன. வால்வு அவற்றைத் தொடமாட்டார். "சுவிச்சத் தட்டுனதும் கத்தறதெல்லாம் ஒரு ஆம்ப்ளிஃபயருங்களா? மனுசனே எந்திரிச்சுக் கொஞ்ச நேரம் கழிச்சுத்தானுங்க பேசறான்" என்பார். அவர் பெட்டிக்குள் கண்ணாடி வால்வுகள் சிவந்து சூடேறினால்தான் சத்தம் வரும். ஒரு கல்யாணத்தில் முகூர்த்தம் நெருங்க நெருங்க, நாதஸ்வரக்காரர் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். வால்வு அசையவில்லை. "அவசரப்படாதீங்க. இப்பத்தான் பல்லு வெளக்குது" என்றார்.

பொதுக்கூட்டத்தில் யாராவது கெட்ட வார்த்தையை நெருங்கினால் போதும், சத்தம் குறைக்கும் குமிழைத் திருகிவிடுவார். பேச்சாளருக்கு வாய் மட்டும் அசையும். சண்டைக்கு வந்தவர்களிடம், "நம்ம வால்வு அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டுப் பழகுனதில்லீங்க" என்பார் பணிவாக. அடுத்த கூட்டத்துக்கும் அவரையே கூப்பிடுவார்கள். அவ்வளவு தெளிவான சத்தம் வேறு யாரிடமும் இல்லை.

இப்படி ஒருவரைப் பக்கத்துக் கடையில் வைத்துக்கொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். மெட்ராஸ் போய்வந்த எங்கள் லாரி டிரைவர் துறைமுகத்துப் பக்கம் சல்லிசாகக் கிடைத்தது என்று ஒரு ஜப்பான் வால்வு பெட்டியைக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் மரம், முகத்தில் தங்க எழுத்து. "ஃபாரின் சரக்குங்க. உங்க பேரன் வரைக்கும் பாடும்" என்றார். என் அறைக்குக் கொண்டுபோய், இசைத்தட்டைச் சுழலவிட்டு, பிளக்கைச் சொருகினேன். வால்வுகள் சூரியன் மாதிரி எரிந்தன. பிறகு புகை வந்தது. பாட்டு வரவேயில்லை.

பெட்டியை அடுத்த கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வால்வு அதை முகர்ந்து பார்த்தார். பின்பக்கம் திருப்பினார்.

"இந்தச் சுவிச்சப் பாத்தீங்களா? நூத்திப் பத்து வோல்ட்டுல நிக்குது. நம்மூரு கரண்டு இருநூத்தி முப்பது. டம்ளருக்குள்ள அண்டாத் தண்ணிய ஊத்தியிருக்கறீங்க."

"ஏனுங்கண்ணா, இந்த மாதிரி சல்லிசா வர்ற ஃபாரின் பெட்டிய நம்பி வாங்கலாமுங்களா?" என்று, வாங்கிக் கருக்கிய பிறகு கேட்டேன்.

அடிமூடியைக் கழற்றி வெகுநேரம் பார்த்தார். "வால்வெல்லாம் தங்கமுங்க. ஒண்ணும் ஆவல. சல்லிசா விக்கோணும்னு செஞ்சவன் டிரான்ஸ்ஃபார்மர்ல கைய வச்சுட்டான். கம்பி தலைமயிராட்ட இருக்குது. வாங்கலாம் சாமி, வாங்கக் கூடாதுன்னு இல்ல. ஆனா பக்கத்துலயே ஒரு கிறுக்கன் ஊடு இருக்கோணும்."

அந்தக் கிறுக்கர், பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையிலிருந்து செம்புக் கம்பி வாங்கிவந்து, இரண்டு வாரம் உட்கார்ந்து கையாலேயே புது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றினார். அது பெட்டிக்குள் நுழையவில்லை. ஒரு பலகையில் இரண்டையும் சேர்த்து முடுக்கிவிட்டார். பெட்டி ஆட்டுக்கல் கனம் கனத்தது. ஆனால் என்ன பாட்டு! கூலி கேட்டதற்கு, "தெனம் அரை மணி நேரம் இங்க பாடட்டும், போதும்" என்றார். அரை மணி நேரம் முழு நாளாகி, பெட்டி அவர் கடையிலேயே குடியேறிவிட்டது.

தேர்த் திருவிழா வந்தது. பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த என் அப்பா தேர் பார்க்க வந்தார். கண் ஆபரேஷன் ஆனவர், சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாவிட்டால் தன் கையே தெரியாது. கூட்டம் நெருக்கியதில் என் கையிலிருந்து அவர் கை நழுவியது. கண்ணாடி மட்டும் என் காலடியில் நொறுங்கிக் கிடந்தது.

ஒரு மணி நேரம் தேடினேன். உச்சி வெயில். தேர்ச் சக்கரமும் மாடுகளும் லாரிகளும் கண்முன் வந்து வந்து போயின. வால்வின் மைக் பந்தலுக்கு ஓடினேன். அங்கே அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கரண்ட் திடீரென்று எகிறியதில் அவருடைய பெட்டி சற்று முன்புதான் கருகியிருந்தது.

"அப்பாவக் காணமுங்கண்ணா" என்றேன்.

எழுந்தார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைக்குப் போய் என் ஜப்பான் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். "ஊட்டுக்குள்ள பாடற பெட்டி. ரெண்டு குழாயாவது தாங்கிருச்சுன்னாப் போதும்" என்று இரண்டு குழாய் ஸ்பீக்கருக்கு மட்டும் ஒயரைக் கொடுத்தார். வால்வுகள் சூடேறும்வரை பெட்டியின் முன் குனிந்து, "சீக்கிரம் சாமி, சீக்கிரம்" என்று கெஞ்சினார்.

அப்பாவின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வரவில்லை. தான் தொலைந்துபோனதாக ஒப்புக்கொள்கிற ஜாதகம் இல்லை அவருடையது.

"அப்பாவுக்கு உசுரு எது மேலங்க?"

"கொடிக்கால் மேலதான்."

வால்வு மைக்கை வாங்கினார். வாழ்நாளில் முதல்முறையாகக் குமிழைக் கடைசிவரை திருகினார். "பரமத்தி வேலூர்க் கொடிக்காலுக்காரரே! உங்க கொடிக்காலுக்குள்ள எருமை பூந்திருச்சுங்க! மைக் பந்தலுக்கு ஓடியாங்க!"

முதலில் ஐந்து பேர் ஓடிவந்தார்கள். ஐந்து பேரும் வேறு வேறு கொடிக்கால்காரர்கள். ஆறாவதாக, ஒரு பலூன்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தவர் என் அப்பா.

"எவன் எருமைடா அது?"

நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். வால்வு மற்ற ஐவருக்கும் கும்பிடு போட்டார். "உங்களுதுல பூரலீங்க, நீங்க போயித் தேரு பாருங்க" என்றார். பிறகு அப்பாவை உட்காரவைத்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். "எருமைய வெளிய முடுக்கியாச்சுங்க. குடிங்க."

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தது. அஸ்தம்பட்டியில் வீடு பார்த்தேன். பஸ் ஏற்றிவிட வந்த வால்வு, ஜப்பான் பெட்டியை என் பக்கத்தில் ஏற்றி வைத்துவிட்டு, பஞ்சில் பொதிந்த ஒரு வால்வைச் சின்னத் தகர டப்பாவில் வைத்துக் கொடுத்தார். "எரிஞ்சுதுன்னா மாட்டிக்குங்க. இதுக்காவ அத்தனை தூரம் அலையாதீங்க."

இரண்டு வருஷம் கழித்து ஒரு வால்வு எரிந்தது. மாற்றி மாட்ட ஒரு நிமிஷம் ஆகாது. நான் அந்த ஆட்டுக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு திருச்செங்கோட்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

"நான் குடுத்தது என்னாச்சுங்க?" என்றார் வால்வு.

"எங்கியோ தொலைஞ்சு போச்சுங்கண்ணா."

திட்டிக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீக்கு ஆள் அனுப்பினார். தகர டப்பா என் சட்டைப் பையில்தான் இருந்தது.