நாலு வாசல் சமையலறை

தொழில் புத்தியைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குள் வருகிறவன் பாக்கியவான். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருஷம் போர்மேனாக இருந்தவன், சாத்தூரில் சொந்தமாக வீடு கட்டும்போது பிளானையும் தானே போட்டால் என்ன ஆகும்? ஆனதைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது. என் மனைவி எஸ்தர் பள்ளிக்கூட டீச்சர். வீடு விஷயத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதுவரை நாங்கள் குடியிருந்த வாடகை வீடுகளில் எல்லாம் சமையலறை கடைசியில், இருட்டாக, ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இருந்தது. விருந்தாட்கள் வந்தால் முன்னறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். இவள் கரண்டியோடு ஓடி வந்து எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்பதற்குள் சிரிப்பு முடிந்திருக்கும். சிரித்ததையே திரும்பச் சொன்னால் யாருக்குச் சிரிப்பு வரும்? கூட வேலை பார்த்த ஒரு டீச்சரின் மதுரை வீட்டில் ஹாலும் சமையலறையும் நடுச்சுவர் இல்லாமல் ஒன்றாக இருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, மூன்று நாள் அதைப் பற்றியே பேசினாள்.

"நான் சமைக்கையில மனுசங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டுச் சமைக்கணும். அது போதும்" என்றாள்.

இதைவிட எளிய ஆசை உண்டா? செய்து தருகிறேன் என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். கம்பெனியில் மிச்சமிருந்த லேபிள் தாளின் பின்பக்கத்தில் பிளானும் போட்டேன்.

இங்கே கம்பெனி வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பட்டாசு அறை என்றால் ஆள் ஓட வழி இருக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு, எல்லாம் வெளிப்பக்கம் திறக்கிற கதவு. வெடிமருந்து அறைக்குள் மின்சாரமே கிடையாது, பகல் வெளிச்சம்தான். பெட்டி கட்டும் அறைக்கு மட்டும் விளக்கு உண்டு. அதையும் சன்னல் கண்ணாடிக்கு வெளியே மாட்டியிருப்போம். அதை அணைக்கிற பெரிய கைப்பிடி சுவிட்ச் வெளிச்சுவரில் இருக்கும். பதினோரு வருஷம் இதற்குள்ளேயே நடமாடியவனுக்கு வேறு விதமான அறை கண்ணில் தோன்றுமா? எனக்குத் தோன்றவில்லை.

ஆக, நடுச்சுவர் இல்லாத பெரிய அறைக்கு நாலு பக்கமும் நாலு கதவு வைத்தேன். அடுப்பைப் பின்வாசலுக்கு இரண்டு எட்டில், சுவரை ஒட்டி வைத்தேன். ஏதாவது என்றால் எஸ்தர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விடலாம். விளக்குகள் அத்தனையும் சன்னலுக்கு வெளியே. சுவிட்ச், பின்வாசல் பக்கம் வெளிச்சுவரில். அது நனையாமல் இருக்க மேலே ஒரு தகரம். (அந்தத் தகரத்தைப் பற்றி எனக்கு அன்று இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.)

கொத்தனார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, வீடு கட்டுறமா, குடோன் கட்டுறமா?" என்றார். தெரியாதவர் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

எஸ்தர் மட்டும், அடுப்பை இந்தப் பக்கம் திருப்பி, ஹாலைப் பார்க்கிற மாதிரி மேடை போடலாமே என்று மெதுவாகக் கேட்டாள். அடுப்பு நடுவில் வந்தால் ஓடுகிற வழியை மறிக்கும் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் யார் வீட்டில்தான் அந்தப் பயம் இல்லை? "சரி, சத்தமாவது காதுல விழும்" என்று ஒத்துக்கொண்டாள். இப்படியாக, மனிதர்கள் முகத்தைப் பார்த்துச் சமைக்க ஆசைப்பட்டவளை, மனிதர்களுக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்தேன். சன்னலுக்கு வெளியே இருந்த குண்டு பல்பு அவள் கண்ணில் குத்தியது. சட்டிக்குள் வெங்காயம் வெந்ததா கருகியதா என்று வாசனையை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருந்த வாரத்தில் வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம் வைத்தோம். சாயங்காலம் நல்ல மழை. வந்தவர்களில் பாதிப்பேர் கம்பெனி ஆட்கள், மீதி சபைக்காரர்களும் சொந்தக்காரர்களும். ஜெபத்துக்கு உட்காரும்போதே தலைகளை எண்ணி வைத்துக்கொண்டேன். எங்களோடு சேர்த்து முப்பத்தெட்டு. (இதுவும் கம்பெனிப் பழக்கம்தான். ஆலயத்தில்கூட எண்ணுவேன்.)

மழை விட்டதும் ஈசல் கிளம்பியது. வெளியே விளக்கை வைத்தால் ஈசல் வேறு எங்கே போகும்? சன்னல் சன்னலாக வந்து அப்பியது. சன்னல்களையும் கதவுகளையும் சாத்தச் சொன்னேன். எஸ்தர் சூடாக மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். போக வழியில்லாமல் எண்ணெய்ப் புகை அறை முழுக்க நிறைந்தது. அந்த நேரம் பார்த்து போதகர் ஐயா ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தர் ஆசையாகத் திரும்பி, என்ன, என்ன என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே, கீறாத மிளகாய் ஒன்றை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டுவிட்டாள்.

அதே நேரம் என் மச்சான், எஸ்தருடைய அண்ணன் ஜெயராஜ், தாமதமாகப் பின்வாசலுக்கு வந்து சேர்ந்தார். நனைந்த குடையை எங்கே மாட்டுவது என்று பார்த்தார். என் தகரத்துக்குக் கீழே, மாட்டுவதற்கென்றே செய்தது போல ஒரு கைப்பிடி இருந்தது. மாட்டினார். குடையின் கனத்தில் கைப்பிடி இறங்கியது.

நாலு பக்கமும் ஒரே நொடியில் இருட்டு. உள்ளே புகை. எண்ணெய்ச் சட்டியில் மிளகாய் 'டப்' என்று வெடித்தது.

"வெளிய" என்றேன் நான்.

ஒரே ஒரு சொல். வேறு ஊராக இருந்தால் என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். இது எங்கள் ஊர். ஒருவர் கேட்கவில்லை, ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருவர் செருப்பை எடுக்கவில்லை. நாலு கதவும் வெளிப்பக்கம் திறந்தன. அத்தனை பேரும் சேற்றில் நின்றார்கள். போதகர் ஐயாவும் பட்டாசு ஊரான வெம்பக்கோட்டையில் பிறந்தவர். அவர்தான் கிழக்கு வாசலில் முதல் ஆள். என் பிளான் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது.

நான் போர்மேன் அல்லவா, உடனே அரையிருட்டில் தலை தலையாக ஆள் எண்ணினேன். முப்பத்தெட்டு. "ஆள் சரியா இருக்கு" என்று சத்தமாக அறிவித்தேன்.

பெட்டி கட்டும் மாரியம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "டீச்சர எங்க அண்ணாச்சி?"

புதிதாக வந்த மச்சானை நான் எண்ணிக்கையில் சேர்த்திருந்தேன். குறைந்த ஆள் என் மனைவி.

அந்த நிமிஷத்தை வேடிக்கையாகச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வரவில்லை. வெளியே எண்ணும்போது ஓர் ஆள் குறைந்தால் என்ன அர்த்தம் என்பது எங்களுக்குத் தெரியும். எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. நாற்காலிகளில் இடித்துக்கொண்டு, அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன்.

எஸ்தர் அடுப்பை அணைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தேன், கையெல்லாம் மாவு.

"நீ ஏன் ஓடி வரல?" என்றேன்.

"மொளகாயக் கீற மறந்துட்டேன். அதுக்கு எதுக்கு ஓடணும்?" என்றாள். பிறகு, "நாலு வாசலும் எனக்காகன்னுதான வச்சீக? அம்புட்டு பேரும் போயிட்டீக. நீங்களும் போயிட்டீக. இப்பவும் நான் ஒருத்திதான் அடுப்படியில நிக்கேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அவளை எங்கிருந்து மீட்டுக்கொண்டு வருவதாக நினைத்து வீடு கட்டினேனோ, அங்கேயேதான் அவளை விட்டுவிட்டு வந்திருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் மாவுக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

ஜெயராஜ் மச்சான் குடையை எடுத்து, கைப்பிடியை மேலே தள்ளியது அந்த நேரத்தில்தான். சன்னலுக்குச் சன்னல் பளீரென்று எரிந்தது. நாலு வாசலிலும் முப்பத்தேழு பேர் நனைந்துபோய் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுகிற போர்மேனை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. போதகர் ஐயாதான் தொண்டையைச் செருமி, ஆசீர்வாதம் பஜ்ஜிக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டார். எஸ்தர் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. அன்றைக்கு எல்லாரும் அடுப்பைச் சுற்றி நின்றுதான் தின்றார்கள்.

அடுத்த வாரம் கொத்தனாரைக் கூப்பிட்டேன். பிளான் போடவில்லை, சாக்கட்டியை எஸ்தர் கையில் கொடுத்தேன். ஹாலைப் பார்க்கிற மாதிரி மேடைக்கு அவளே தரையில் கோடு போட்டாள். விளக்கு எங்கே தொங்க வேண்டும் என்று மேலே பார்த்துக் கையை நீட்டினாள். சட்டிக்கு நேர் மேலே ஒன்று, நாற்காலிகளுக்கு மேலே ஒன்று. சுவிட்சுகள் உள்ளே வந்தன. இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதில்லை, நேரே மேடைக்குப் போய்விடுகிறார்கள். யார் எதற்குச் சிரித்தாலும் முதலில் சிரிக்கிறவள் எஸ்தர்தான்.

எனக்குத்தான் விடுதலை இல்லை. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அப்பா எப்படிப்பட்டவர் என்று விசாரித்தபோது, "ஆபத்துன்னா எங்கப்பா பொறுப்பா ஆள் எண்ணுவாக, வெளிய நின்னு" என்றாள் அவள். (சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீடும் பட்டாசுக் கம்பெனிதான்.)

எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தால் எஸ்தர் இன்றைக்கும் வீடு முழுக்கக் கேட்க அறிவிப்பாள்: "எண்ணெய் வச்சாச்சு, ஓடுறவுக ஓடிக்கிடலாம்." பேரப்பிள்ளைகள் உட்பட எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றுகொள்வேன். அவள் கத்தியையும் மிளகாயையும் என் பக்கம் நகர்த்தி வைப்பாள்.