சுல்தானாவுக்குச் சொந்தக்காரர் யார்?

இம்பாபா, கெய்ரோ
செவ்வாய்க்கிழமை

குவைத்தில் சீரும் சிறப்புமாக வாழ்ந்துவரும் பெருமதிப்பிற்குரிய மச்சான் ரிஃபஅத் அவர்களுக்கு, தங்கள் தங்கை நவாலின் கணவன் ஷெஹாத்தா ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அல்லாஹ்வின் அருளால் இங்கு யாவரும் சுகம். தாங்களும் குடும்பத்தாரும் சுகமாயிருக்க தினமும் துஆ கேட்கிறோம். தாங்கள் அனுப்பிய கம்பளிப் போர்வை வந்து சேர்ந்தது. நவால் அதை விருந்தாளிகளுக்கென்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டதால், கதகதப்பாக இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நிற்க. யாவரும் சுகம் என்று எழுதியது மரியாதைக்காக. நான் சுகமாயில்லை மச்சான். என் சுல்தானா என் கையை விட்டுப் போகப்போகிறாள். அதற்குக் காரணம் நீங்கள்தான்.

நம் பெண் தஸ்னீம் பள்ளிக்கூடத்துத் தேர்வு முடித்த வருஷம், டீச்சர் வேலைக்குப் படிக்கட்டும் என்றேன் நான். நீங்கள்தான் அங்கிருந்து போன் போட்டு, "மாப்பிள்ளை, கணக்கியல்ல சேத்து விடுங்க. கணக்கு படிச்சவங்கதான் சமூகத்துக்கே கண்ணு. அவங்க இல்லேன்னா நாட்டுல எவன் யோக்கியன், எவன் அயோக்கியன்னே தெரியாமப் போயிடும்" என்று ஒரு மணி நேரம் பேசினீர்கள். சேர்த்துவிட்டேன். அங்கே ஒரே மண்டபத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் பேராசிரியர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாதாம். சரி, இந்தக் கும்பலில் என்ன பெரிசாய்ப் படித்துவிடப் போகிறாள், பட்டம் வாங்கி, ஒரு நல்ல பையனைக் கட்டிக்கொண்டு போவாள் என்று நிம்மதியாக இருந்தேன். அவள் படித்துவிட்டாள் மச்சான். ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டாள்.

இது கடைசி வருஷம். ஏதாவது ஒரு சின்னத் தொழிலைத் தணிக்கை செய்து அறிக்கை கொடுக்கவேண்டுமாம். மற்ற பிள்ளைகள் எல்லாரும் ஒரே மளிகைக் கடையைப் பற்றி ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டார்கள். இவள் மட்டும், "நான் நம்ம மாடிப் புறாக்கூண்டை எடுத்துக்கறேன் வாப்பா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. புறா பல்கலைக்கழகம் போகிறது என்று காப்பிக்கடையில் எல்லாருக்கும் என் செலவில் டீ. மறுநாள் காலையில் மாடிக்கு வந்தாள், எண்ண ஆரம்பித்தாள். பறக்கிற சரக்கை எப்படி எண்ணுவது? இவள் வடக்கே எண்ணினால் அது தெற்கே போய் இன்னொரு தடவை உட்காருகிறது. அதனால் எண்ணி முடித்த ஒவ்வொரு புறாவின் நகத்துக்கும் நவாலுடைய சிவப்பு நகப்பூச்சைப் பூசிவிட்டாள். சாயங்காலம் கூட்டத்தைப் பறக்கவிட்டேனா, எதிர்மாடி நாவிதன் ஸக்கி கையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான். "என்ன ஷெஹாத்தா, அத்தனைக்கும் ஒரே நாள்ல கல்யாணமா?" அது போகட்டும். காப்பிக்கடையில் இத்தனை வருஷமாக இருநூறு புறா, இருநூறு புறா என்று சொல்லிவந்தேன். எண்ணிப் பார்த்தால் பாதிகூடத் தேறவில்லை. அதையும் எழுதிக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் உடைமைக்கு ஆதாரம் கேட்டாள். ஒவ்வொரு புறாவுக்கும்! முட்டையில் பிறந்ததற்கு முட்டை ஆதாரம், சந்தையில் வாங்கியதற்கு வியாபாரி ஆதாரம் என்று சமாளித்துக்கொண்டே வந்தவன், சுல்தானாவிடம் வந்து மாட்டிக்கொண்டேன். உங்களுக்குச் சுல்தானாவைத் தெரியாது, நீங்கள் போன பிறகு வந்தவள். வெள்ளைத் தலை, சாம்பல் உடம்பு, ஒரு கண் மஞ்சள், ஒரு கண் கறுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் குளிர்காலத்தில் என் கூட்டத்தோடு கலந்து வந்து என் மாடியில் இறங்கினாள். நம் மாடியில் இறங்கிய அடுத்தவன் புறா நம் புறா. கெய்ரோவில் இதை மறுக்கிற புறாக்காரன் உண்டா?

"கையில இருக்கறதும் சொந்தமா இருக்கறதும் ஒண்ணில்ல வாப்பா" என்கிறாள் என் மகள்.

"அடியே, என் உதட்டுலேருந்து கோதுமையை எடுத்துத் திங்கிறா, பாரு! இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

"அது பாசம். நான் கேட்டது ஆதாரம்."

வெள்ளிக்கிழமை கூடும் ஜுமுஆ சந்தையில் காசு கொடுத்து வாங்கினேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். இரண்டு தடவை வாயைத் திறந்தேன். பேனாவோடு நிமிர்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தானாக வந்து இறங்கினாள் என்று உண்மையையே சொல்லிவிட்டேன். பெற்ற பெண்ணிடம் தோற்றுப்போனேன்.

போன வாரம் அவளுடைய பேராசிரியர் டாக்டர் பஹ்கத் நேரிலேயே வந்துவிட்டார். மளிகைக் கடை அறிக்கையாகப் படித்துப் படித்து வெறுத்துப்போயிருந்தாராம். மூச்சிரைக்க மாடியேறி வந்தவர், சுல்தானாவைப் பார்த்ததும் மூச்சுவிட மறந்து நின்றார். "நஜ்மா! என் கண்ணே நஜ்மா!" என்று கோட்டும் சூட்டுமாக மண்டிபோட்டுவிட்டார். அவரும் புறாக்காரராம், அகூஸாவில் மாடி வைத்திருக்கிறாராம். காலில் இருக்கும் பச்சை வளையம் அவர் போட்டதாம். "ஹாஜியாரே, இது என் புறா" என்றார். மகளின் மார்க்கு அவர் கையில், என் உயிர் என் கையில். கொடுத்தால் லஞ்சம் மாதிரி இருக்கும், கொடுக்காவிட்டால் பெண் தோற்பாள். நான் திருதிருவென்று முழித்துக்கொண்டிருக்கும்போது தஸ்னீம் தொண்டையைக் கனைத்தாள்.

"சார், இது உங்களோடதுன்னு என்ன ஆதாரம்?"

"வளையம் நான் போட்டதும்மா."

"வளையம் உங்களோடது, சரி. புறா எங்கேருந்து வந்துச்சு?"

மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு, மறுபடியும் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக, "சையிதா ஸைனப் வட்டாரத்துல ஒரு கறிக்கடைக்காரர் இருக்காரு. அவர் கூட்டத்துலேருந்து என் மாடியில வந்து இறங்குச்சு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன் மச்சான், அடக்கமுடியவில்லை. ஆனால் தஸ்னீம் சிரிக்கவில்லை. "அப்போ உங்களுதும் இல்ல, எங்க வாப்பாவோடதும் இல்ல. முதல் சொந்தக்காரரைக் கண்டுபிடிச்சு அவர்கிட்டயே ஒப்படைப்போம்" என்று சொல்லிவிட்டாள். பேராசிரியர் என்ன செய்வார்? இருபது வருஷமாக இதைத்தானே மேடையேறிச் சொல்லிக்கொடுத்தார். தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு வராமல் ஊரெல்லாம் மாடி மாடியாக ஏறுகிறாள். கறிக்கடைக்காரர், வர்ராக்கில் இஸ்திரி போடுகிறவர் கூட்டத்திலிருந்து பிடித்தாராம். அவர் யாரிடமிருந்தோ? விசாரித்துக்கொண்டிருக்கிறாள். இம்பாபா புறாக்காரர்கள் எல்லாரும் முந்தாநாள் என் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். "உன் பொண்ணு இப்படியே போனா கெய்ரோவுல ஒருத்தன் கூண்டுலயும் ஒரு றெக்கை மிஞ்சாது, பாத்துக்க!" என்று ஸக்கி கத்துகிறான். நவாலோ அடுப்படியிலிருந்து, "அத்தனையையும் அரிசி அடைச்சுப் பொரிச்சு வெச்சிடறேன், அப்ப எண்ணறது சுலபம்" என்கிறாள். இதுதான் உங்கள் கணக்கியல் சமூகத்துக்குச் செய்த தொண்டு. நிம்மதியாகத் திருடிப் பறக்கவிட்டு ஒற்றுமையாக இருந்த ஒரு ஊரை ஒரு பெண்பிள்ளை நாசம் பண்ணிவிட்டாள்.

மச்சான், விளையாட்டில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றதிலிருந்து நான் கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்க்கிற ஜீவன் இந்த வீட்டில் சுல்தானா ஒருத்திதான். அவள் போய்விட்டால் நான் மாடியேறி என்ன செய்வேன்? தஸ்னீம் உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பாள். போனில் பேசினால் நவால் பிடுங்கிக்கொள்கிறாள், ஆகவே ஒரு கண்டிப்பான கடிதம் போடுங்கள். விசாரணையை இதோடு நிறுத்து, வேறு ஏதாவது மளிகைக் கடையைப் பார் என்று எழுதுங்கள். அடுத்த மாசக் கடைசிக்குள் அறிக்கை கொடுக்கவேண்டுமாம், தாமதிக்கவேண்டாம்.

அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளும் குறையாத பரக்கத்தும் தருவானாக. தங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பிற்குரிய,
ஷெஹாத்தா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தஸ்னீம் வந்துவிட்டாள். இஸ்திரிக்காரர் உண்மையைச் சொல்லிவிட்டாராம். குவைத்துக்குப் போன ரிஃபஅத் என்பவர் மாடியிலிருந்து வந்து இறங்கிய புறாவாம் அது. எங்கள் ரிஃபஅத்! அப்படியானால் என் மச்சான் எனக்கே கொடுத்துவிடுவார் என்று நான் குதிக்க, நவால் கையில் கீரையும் கத்தியுமாக வந்து, "அது நம்ம புறாதான். குவைத்துக்குப் போறதுக்கு முந்தின ரமலான்ல நோன்பு திறக்க வந்தப்போ, அண்ணன் நம்ம மாடியிலேருந்து ஒரு குஞ்சைக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டு இறங்கினாரு. பை அசைஞ்சுச்சு. அப்புறம் அவர் வீட்டுல ஒரு கண்ணு மஞ்சளா வளந்து நின்னுச்சு, நான் பாத்தேன்" என்றாள். ஏன்டி இத்தனை வருஷம் சொல்லவில்லை என்றால், "அதுதான் வீட்டுக்கே திரும்பி வந்துடுச்சே, அண்ணன் மானத்தை எதுக்கு வாங்கணும்?" என்கிறாள். நான் அந்தக் குஞ்சைப் பக்கத்து வீட்டுப் பூனை தின்றதாக நினைத்து அவர்களோடு இன்றுவரை பேசுவதில்லை மச்சான். ஆகவே கணக்கியலைப் பற்றி மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அதைப் போல் ஒரு படிப்பு உலகத்திலேயே கிடையாது. தஸ்னீமைத் தடுக்கவேண்டாம். மனைவியின் சாட்சி செல்லாது, மாமாவே கைப்பட எழுதி அனுப்பவேண்டும் என்கிறாள். இதைக் கண்டதும் எழுதுங்கள். 'ஆசையில் எடுத்துக்கொண்டேன்' என்று நழுவவேண்டாம், தஸ்னீம் திருப்பி அனுப்பிவிடுவாள். 'திருடினேன்' என்று தெளிவாக எழுதி, கீழே கையெழுத்தும் போடுங்கள்.