ஆயாக்கொட்டகையும் அடியேன் பெயரும்

கணினி யுகத்தில் தமிழன் தலைநிமிர்ந்து நின்ற இடம் எது என்று வரலாற்றாசிரியர்கள் இனி அலைந்து திரிய வேண்டாம். மலாக்கா மாநிலம், தங்கா பத்து, யூனுஸ் பாயின் கம்ப்யூட்டர் கடைக்கு மேல்மாடி. ஆண்டு 1999. நின்றவன் அடியேன் புவனேந்திரன், தமிழ் இளைஞர் கணினி மன்றத்தின் செயலாளர். நாற்காலி பற்றாமல்தான் நின்றேன் என்பது பொறாமைக்காரர்களின் பேச்சு.

அப்போது நகரம் கட்டும் கணினி விளையாட்டு ஒன்று இளைஞர்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. சாலை போடலாம், வரி வசூலிக்கலாம், வெள்ளம் வந்தால் மேயரைத் திட்டலாம். மேயரும் நாமே. அதில் இல்லாத கட்டடங்களை நாமே வரைந்து சேர்க்கவும் முடியும். சுங்கை ரம்பாயிலிருந்து பஸ் ஏறித் தொழிற்சாலை வேலைக்குப் போகும் திலகவதி என்ற பெண் அப்படித்தான் ஓர் ஆயாக்கொட்டகையை வரைந்திருந்தாள். ரப்பர்ப் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச் செல்கிற தோட்டத்துக் கொட்டகை. தகரக் கூரை, உள்ளே ஆடும் சேலைத் தொட்டில்கள், வாசலில் பால் வாளியோடு வந்து நிற்கும் அம்மாக்கள். மாதக்கணக்கில் வரைந்தாளாம். இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டு ஒரு குறிப்பும் சேர்த்திருந்தாள்: “யார் வேண்டுமானாலும் எடுங்கள், மாற்றுங்கள். என் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.”

அந்த ஆண்டு விளையாட்டின் புதிய பதிப்பு வந்தது. பழைய கட்டடங்கள் எதுவும் அதில் ஏறவில்லை. தமிழன் கட்டடம் ஒன்று நடுத்தெருவில் நிற்பதா என்று அடியேன் கொதித்தெழுந்தேன். மாற்றித் தரும் மென்பொருளைத் திறந்து, கொட்டகையை உள்ளே தள்ளி, ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, கீழே போய் நுரை பொங்கத் தே தாரிக் டீ குடித்துவிட்டு வந்தேன். மாற்றம் நிகழ்ந்திருந்தது. இதை நான் ‘மறுபடைப்பு’ என்றேன். தலைவர் வீரமுத்து ‘புரட்சி’ என்றார்.

கொட்டகையை டிஸ்கெட்டில் ஏற்றி, கிளேபாங் மண்டபத்தில் வெளியீட்டு விழா. புத்தகத்துக்கு உண்டென்றால் டிஸ்கெட்டுக்கு ஏன் கூடாது? முதல் டிஸ்கெட்டைத் தலைவரின் மாமனார் பெற்றுக்கொண்டார். இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாட்டு எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

நன்றியுரையை டிஸ்கெட்டுக்குள்ளேயே பதித்திருந்தேன். நன்றியுரையில் ஒரு பெயர் விட்டுப்போனால் நம் ஊரில் தலைமுறைக்கும் பகை. ஆகவே யாரையும் விடவில்லை. தலைவர், மாமனார், மண்டபச் சாவி கொடுத்தவர், விருந்துக்கு மீகூன் நூடுல்ஸ் பிரட்டிய மாரியம்மா அக்கா, மழையை நிறுத்தி வைத்த வருண பகவான். மாலையோடு தலைவரின் வண்ணப்படமும் ஏறியது. அதோடு டிஸ்கெட் நிரம்பிவிட்டது. எதையாவது எடுத்தாக வேண்டும். திலகவதியின் குறிப்பை எடுத்தேன். ‘படைப்பு: செயலாளர் புவனேந்திரன்’ என்ற வரிக்குச் சரியாக இடம் இருந்தது.

சில வாரங்களில் அவளே மாடி ஏறி வந்தாள்.

“அண்ணே, நீங்கதான் புவனேந்திரனா?”

“ஆமா தங்கச்சி. ஆட்டோகிராபா?”

“இல்லண்ணே. ஆயாக்கொட்டகை நான் செஞ்சது. கோலாலம்பூர்ல கேம் செய்யிற கம்பெனி ஒன்னு இன்டர்வியூ கூப்டாங்க. அதைத்தான் காட்டினேன். அவங்ககிட்ட உங்க டிஸ்கெட் இருக்கு. ‘இது புவனேந்திரன் செஞ்சதாச்சே, நீ காப்பியடிச்சிட்டு வந்தியா’ன்னு கேட்டாங்க. மானமே போச்சுண்ணே. ஷிஃப்ட் முடிச்சு வந்து, கண்ணு எரிய எரிய உக்காந்து செஞ்சது. ஒரு போன் அடிச்சு, அவதான் செஞ்சான்னு சொல்லிருங்க. அந்த வேலை கெடச்சாப் போதும்.”

அவள் குரல் உடைந்தது. இத்தகைய நேரங்களில் நான் மேடைத் தமிழுக்கு மாறிவிடுவது வழக்கம்.

“சகோதரி, தங்கள் பெயரை விட்டது அலட்சியமன்று. தாங்கள் மேடையில் இல்லை. மேடையில் இல்லாதவர்களுக்கு நன்றி சொல்வது மரபில்லை.”

“வருண பகவான் மேடையில இருந்தாராண்ணே?”

யூனுஸ் பாய் படிக்கட்டில் நின்றபடி குரல் கொடுத்தார். “ஒரு போன்தானப்பா? என் கடை போன்லயே அடிலா!”

“பாய், அவசரப்பட்டு உண்மையைச் சொல்லிவிடக் கூடாது. செயற்குழு இருக்கிறது.”

செயற்குழு கூடியது. மீகூன் தீரும்வரை விவாதம் நடந்தது.

“அந்தப் பொண்ணு கேக்குறது நியாயந்தான்,” என்றார் வீரமுத்து. “ஆனா வெளியிட்டாச்சே! எங்க மாமனாருக்கு யாரு பதில் சொல்றது?”

இறுதியில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. திலகவதியை வரவழைத்து நானே வாசித்தேன்: “தாம் வரைந்த ஆயாக்கொட்டகையைத் தாமே பயன்படுத்திக்கொள்ளத் திலகவதிக்கு இம்மன்றம் பெருந்தன்மையுடன் அனுமதி வழங்குகிறது. படைத்தவர் புவனேந்திரன் என்று அவர் தவறாமல் குறிப்பிட வேண்டும்.”

அவள் என் பூப்போட்ட பாத்தேக் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். “நல்லா இருங்கண்ணே,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அதை வாழ்த்துச் செய்தியாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு நடந்தது யூனுஸ் பாய் சொல்லித்தான் தெரியும். திலகவதி அந்தக் கம்பெனிக்காரர்களிடம் மறுபடி போய் மன்றாடியிருக்கிறாள். “வேற யாரும் சொந்தம் கொண்டாட முடியாத மாதிரி புதுசா ஒன்னு செஞ்சு கொண்டா” என்றார்களாம். செய்துகொண்டு போனாள். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்து, அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் புதிய படைப்பு எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. பாய் கடை மெஷினில் போட்டு, செயற்குழுவையே கூப்பிட்டுக் காட்டினார். நகரத்து நடுவில் ஒரு மேடை. மேடையில் கழுத்து நிறைய மாலையோடு, பாத்தேக் சட்டை போட்ட ஒருவன் மைக் பிடித்துப் பேசுகிறான். வாய் மூடுவதில்லை. ஊர் மின்சாரம் முழுவதையும் அந்த மைக் குடிக்கிறது. ஆஸ்பத்திரி இருண்டு கிடக்கிறது. குடிமக்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். புல்டோசரை விட்டு இடித்தால், அவன் பக்கத்து மனைக்கு நகர்ந்து பேச்சைத் தொடர்கிறான்.

“டேய் புவன், அந்தச் சட்டை ஒன்னோடதுதானே?” என்றார் வீரமுத்து.

பாய் மவுஸால் மேடைமீது அமுக்கினார். எழுத்துகள் விரிந்தன. ‘படைப்பு: திலகவதி. மூல வடிவம்: புவனேந்திரன், தங்கா பத்து.’

மன்றமே கொந்தளித்தது. அது நானில்லை என்று உடனே மறுப்பறிக்கை விடச் சொன்னார்கள். பேனாவைத் திறந்துகொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி ஓடவில்லை. இதுவரை என் பெயர் போட்டு வெளிவந்தவற்றில், உண்மையிலேயே என்னுடையது அது ஒன்றுதான்.