நாலாவது சால்வை எங்கே, மாமா?

திருச்செங்கோடு,
கார்த்திகை மூன்றாம் தேதி

பெருமதிப்பிற்குரிய மாமா, நாமக்கல்லில் லாரி பாடி கட்டுவதில் பேர்போன திரு. செங்கோடன் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் மைத்துனன் அன்பரசு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கச்சியும் மலைமேல் இருக்கிறவர் புண்ணியத்தில் சௌக்கியம். அங்கே நீங்களும் என் கூடப்பிறந்த அமுதவல்லி அக்காவும், உங்கள் ஷெட்டில் பாதி கட்டி நிற்கும் லாரிகளும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று சாயங்காலம் நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை தனியாக. இரண்டாம் தடவை உங்கள் தங்கச்சியோடு. மூன்றாம் தடவை, "இன்னொருக்கா போடுங்க, கடசீல அண்ணன் இருமுனாரா, தேம்புனாரா?" என்று அவள் கேட்டதால். இருமல்தான் என்று முடிவு செய்தோம். "ஏனுங் மாப்ள, இந்த வருசம் ஷெட்டு கெடையாதுங்க. ஜாஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாலு பேரு நாலு பக்கம் ஊதிக்கிட்டு, எங்க போவுதுன்னே தெரியாத பாட்டு. போன வருசம் ஊரே சிரிச்சுது. வேணுமின்னா நல்லதா ஒரு சினிமாப் பாட்டுக் கச்சேரி வெச்சுக்கலாம்" என்கிறீர்கள். போனில் பதில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் கடிதம். கடிதத்துக்கு நடுவே "இருங்க மாப்ள, இருங்க மாப்ள" என்று உங்களால் சொல்ல முடியாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டு நாமக்கல் ஜாஸ் பெருவிழா வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நடக்கும். உங்கள் ஷெட் திறந்திருந்தால் உள்ளே நடக்கும். பூட்டியிருந்தால் வாசலில், கிணற்றுக்குப் போர் போடுகிற என் பழைய ரிக் வண்டியை நிறுத்தி, அதன்மேல் ஏறி நின்று வாசிப்போம். ரோடு உங்கள் பேரில் பட்டா இல்லை. சினிமாப் பாட்டு ஒன்றுகூட வாசிக்க மாட்டோம்.

எங்கே போகிறதென்று தெரியாத பாட்டு என்கிறீர்கள். முப்பத்திரண்டு வருஷம் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர் போட்டவன் நான். எத்தனாவது அடியில் தண்ணீர் வரும் என்று தெரிந்துகொண்டா போட்டேன்? கோவாவில் ஒரு தோட்டத்தில் துளை போடுகிற பிட்டு பாறையில் மாட்டிக்கொண்டு, இங்கிருந்து சாமான் வரும்வரை பத்தொன்பது நாள் சும்மா கிடந்தேன். அந்தத் தோட்டக்காரர் சாயங்காலமானால் சாக்ஸபோனை எடுத்து ஊதுவார். தினமும் ஒரே பாட்டைத்தான் எடுப்பார். ஒரு நாள்கூட அது முந்தின நாள் போன வழியில் போனதில்லை. "நேத்து மாதிரி இன்னிக்கு இல்லீங்களே" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். "நேத்து நான் வேற ஆளு" என்றார் மனுஷன். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு, மாமா. நீங்கள் ஷெட்டைப் பூட்டினால் விட்டுப் போகிற கிறுக்கு இல்லை அது.

"உங்க ஜாஸ் உலகம்" என்று நக்கல் பண்ணுகிறீர்களே, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் அந்த உலகத்தின் ஜனத்தொகை நாலு என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். சங்ககிரியில் ஐந்தாவதாக ஒருவர் கிளாரினெட்டோடு இருந்தார். பேரன் பிறந்ததும் ஓசூருக்குப் போய்விட்டார். மிச்சமிருப்பது சாக்ஸபோனுக்கு நான். கீபோர்டுக்கு விடுதிப் பள்ளியில் பாட்டு டீச்சராக இருக்கும் சுகன்யா. பெரிய பேஸ் வாத்தியத்துக்கு உங்களிடமே மரவேலை செய்கிற ஜெயபிரகாஷ். அந்த வாத்தியத்தை உங்கள் ஷெட்டில் மிஞ்சிய தேக்கிலும் பிளைவுட்டிலும் அவனே செய்தான். தொழில் பழக்கத்தில் இரண்டு பக்கமும் மயில் வரைந்து, பின்னால் "ஒலி எழுப்பவும்" என்று எழுதியும் வைத்திருக்கிறான். நாலாவது ஆள், டிரம்ஸ் வாசிக்கும் மாரி. நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் மாரியின் பேண்டு செட் போகாத கல்யாண ஊர்வலம் கிடையாது. உங்கள் கல்யாணத்துக்கே அவருடைய அப்பாதான் அடித்தார். இது உங்களுக்கு ஞாபகமிருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி, ஊர் ஏன் சிரித்தது என்று பார்ப்போம். ஜாஸில் எல்லோரும் சேர்ந்து தொடங்குவோம். அப்புறம் ஒவ்வொருத்தராகத் தனியே கொஞ்ச நேரம் வாசிப்போம், மற்றவர்கள் சும்மா நிற்போம், கடைசியில் எல்லோரும் திரும்பச் சேர்ந்து முடிப்போம். வரவேற்புக் கமிட்டித் தலைவரான உங்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்காதது என் தப்பு. இந்தக் கடிதத்தில் நான் ஒத்துக்கொள்ளப்போகிற ஒரே தப்பு இதுதான். போன வருஷம் முதல் உருப்படியே இன்னும் முடியவில்லை. சுகன்யா டீச்சர் தனியே வாசித்துவிட்டு, பேஸுக்கு வழிவிட்டுக் கையை எடுத்தார். அவர் கச்சேரி முடிந்ததென்று நினைத்து நீங்கள் மைக்கைப் பிடித்து, "சிறப்பாக வாசித்தளித்த டீச்சரம்மாவுக்குப் பொன்னாடை" என்று அறிவித்து, சால்வை போர்த்தி, கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, "வாங்க சாமி, சாப்புட்டுப் போயிரலாம்" என்று பின்கட்டுப் பந்திக்கு அழைத்துப் போய்விட்டீர்கள். அந்தம்மா மரியாதைப்பட்ட மனுஷி. நம்ம பக்கம் சாப்பிடக் கூப்பிட்டு வரமாட்டேன்னு சொன்னா ஏழு தலைமுறைக்கும் பேச்சு நிக்கும், அது அவங்களுக்கும் தெரியும். திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனார். அடுத்து ஜெயபிரகாஷ் வாசித்து நிமிர்ந்தான், சால்வை, எலுமிச்சம்பழம், பந்தி. முதலாளி கூப்பிட்டால் அவன் என்ன செய்வான், பேஸை ஒரு லாரி கேபின்மேல் சாய்த்துவிட்டுப் போய்விட்டான். அப்புறம் நான். நான் கண்ணை மூடிக்கொண்டு ஊதுகிறவன். ஒரு மூச்சு எடுக்க நிறுத்தினேன். கண்ணைத் திறந்தால் கழுத்தைச் சுற்றிச் சால்வை, சாக்ஸபோன் வாயையும் சேர்த்து மூடியிருக்கிறது. உங்கள் தங்கச்சி முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறாள். "மாப்ள, முட்ட ஆறிப்போயிரும், வாங்க" என்றீர்கள். வந்துவிட்டேன்.

மேடையில் மிஞ்சியது மாரி. பேண்டு செட்டில் ஒரு சட்டம் இருக்கிறது, மாமா. முன்னால் போகிறவர் தலையாட்டினால்தான் டிரம் நிற்கும். அது பாட்டுக்கு நின்றால் ஊர்வலமே நடுரோட்டில் நின்றுவிடும். தலையாட்ட வேண்டிய நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என் இலையில் பள்ளிபாளையம் சிக்கன், இரண்டு முட்டை, ரசம் ஊற்றிக் குழி கட்டிய சோறு. பக்கத்து இலைக்காரர் சாப்பிடும்போது பந்தியிலிருந்து பாதியில் எழுந்திருக்க எனக்கு என்ன, வளர்ப்பு சரியில்லையா? உட்கார்ந்தே இருந்தேன். மாரி அடித்துக்கொண்டே இருந்தார். முதலில் கல்யாண அடி. அப்புறம் மாரியம்மன் பண்டிகை அடி. அப்புறம் எங்கேயோ போய்விட்டார். என் ரிக் வண்டி பாறையில் இறங்குகிற சத்தம் வந்தது, தகரக் கூரையில் மழை வந்தது, சங்ககிரி மேட்டில் லோடு லாரி கியர் மாற்றுகிற சத்தம்கூட வந்தது. பந்தியில் இருந்த ஜனம் ஒவ்வொன்றாக எச்சில் கையோடு எழுந்துபோய் ஷெட்டில் நின்றது. பக்கத்து இலைக்காரரும் எழுந்துவிட்டார். அப்புறம்தான் நானும் எழுந்தேன். முன்னூறு பேர் கை கழுவாமல் நின்று கேட்டதை என் ஆயுசில் வேறெங்கும் பார்த்ததில்லை. நாற்பது நிமிஷம். சட்டையெல்லாம் நனைந்து, கண் என்னைத் தேடிக்கொண்டிருந்தது. தலையாட்டினேன். நிறுத்தினார்.

அதற்கப்புறம் என்ன நடந்தது, மாமா? ஒன்றும் நடக்கவில்லை. டீச்சருக்கு ஒன்று, உங்கள் தச்சனுக்கு ஒன்று, உங்கள் மைத்துனனுக்கு ஒன்று, சால்வை மூன்று. வாங்கியது நாலு. கடையில் கூட நின்று நிறம் பார்த்தது நான். நாலாவது ஊதா நிறம், ஜரிகை போட்டது, உள்ளதிலேயே நல்லது. மாரி டிரம்ஸை மடக்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். கல்யாண மண்டபத்தில் எப்படிக் கடைசிப் பந்திக்கும் அப்புறம் சமையற்கட்டில் நின்றுகொண்டே சாப்பிடுவாரோ, அன்றைக்கு அதுவும் இல்லை. சாப்பிட்டாரா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரே தப்பு என்று மேலே எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள், இரண்டு. மறுநாள் போய்க் கேட்டேன். "அட உடுங்கண்ணா, நீங்க தல ஆட்ட மறந்துட்டீங்கன்னு நெனச்சனுங்க. நல்லதாப் போச்சு, ஆச தீர அடிச்சனுங்க" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஊர் சிரித்தது ஜாஸைப் பார்த்து இல்லை. டீக்கடையில் ஒரு வருஷமாகப் பேசுகிறார்கள், "செங்கோடன் நாலு வாங்கி மூணு போத்துனாரு" என்று. உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல ஆளில்லை, அதனால் நான் சொல்கிறேன். பேண்டு செட்காரன் தோளில் ஏறினால் அந்த ஜரிகை கறுத்துவிடுமா? அவர் அடித்தால் ஊர்வலத்தில் ஆடுகிறோம், அவருக்கு ஒரு துணி போர்த்தக் கை நடுங்குகிறதா? இதை நான் மாப்பிள்ளையாகக் கேட்கவில்லை. ஜாஸ்காரனாகக் கேட்கிறேன். ஜாஸில் யாரும் கடைசிப் பந்தி கிடையாது.

ஆகவே கேளுங்கள். இந்த வருஷம் முதலில் தனியே வாசிக்கப்போவது மாரி. முதல் சால்வை மாரிக்கு, புதிதாக வாங்கி வைத்துவிட்டேன், பச்சை. ஃபிளெக்ஸில் உங்கள் படம் கிடையாது. அந்த இடத்தில் மாரி படம், உங்கள் படத்தைவிட ஒரு அடி பெரிசு. ஜெயபிரகாஷை வேலையை விட்டு நிறுத்துவதானால் தாராளமாக நிறுத்துங்கள், "ஒலி எழுப்பவும்" என்று எழுதத் தெரிந்தவனுக்கு நாமக்கல்லில் வேலையா இல்லை? நீங்கள் விழாவுக்கு வரவேண்டாம். வந்தாலும் மைக்கைத் தொடக்கூடாது. நாலாவது சால்வை எங்கே என்று எழுத்தில் பதில் வரும்வரை உங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் முழங்கால் வலிக்குத் தைலம் ஜெயபிரகாஷ் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன், கோபம் வேறு முழங்கால் வேறு. பெரியவர்கள் நீங்கள் நீடூழி நன்றாக இருந்து, நாங்கள் வாசிப்பதை வேண்டாவெறுப்பாகவாவது பல்லாண்டு கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
பணிந்து வணங்கும், ஆனால் பணியாத மைத்துனன்,
அன்பரசு

பின்குறிப்பு: உறையில் தடவிய பசை காய்வதற்குள் அக்கா போன் செய்தார். நீங்கள் குளிக்கப் போன நேரமாம். "டேய், அந்த ஊதாச் சால்வ எங்கூட்டு பீரோவுலதான்டா இருக்குது. அன்னிக்கு மனுசன் அத மடிச்சுக் கையில வெச்சுக்கிட்டு மேட ஓரத்துலயே நின்னாரு. நாந்தான் போயி, போத்துங்கன்னேன். 'சித்த சும்மா இரு புள்ள, போத்துனா நிறுத்திருவான்'னாரு. பந்தியிலகூட உக்காரல. நீ தல ஆட்டுனதும் முன்னால போனாரு. மாரி மூஞ்சியப் பாத்தாரு, அழுக வந்துருச்சு. அத்தன ஜனத்து முன்னால அழுதுக்கிட்டு எப்பிடிப் போத்தறதுன்னு திரும்பி வந்துட்டாரு. அப்பறம் டீக்கடப் பேச்சு காதுல உழுந்துச்சு. மாரி எதுக்க வந்தா இவரு வேற தெருவுல போயிர்றாரு. மறுபடி விழான்னா அவன எப்பிடிப் பாக்கறதுன்னுதான்டா ஷெட்டு இல்லீன்னாரு" என்றார்.

அப்படியானால் குரல் செய்தியின் கடைசியில் கேட்டது இருமல் இல்லை, மாமா. உங்கள் தங்கச்சி சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

மேலே எழுதியதில் தைலத்தைத் தவிர மற்றதெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பி எழுத எனக்குக் கை வரவில்லை. பச்சைச் சால்வையை நானே வைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கெல்லாம் ஷெட்டைத் திறந்து, இலையை மேடைக்கு எதிரிலேயே போடச் சொல்லுங்கள். ஊதாவைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு அதே ஓரத்தில் நில்லுங்கள். மாரி தானாக நிறுத்துகிற வரைக்கும் போர்த்தக் கூடாது. இந்த வருஷம் நான் தலையாட்டப் போவதில்லை. அப்புறம் அழுதுகொண்டே போர்த்துங்கள், ஊர் பார்க்கட்டும். முதல் இலையில் அவரை உட்காரவைத்து, பக்கத்து இலையில் நீங்கள் உட்காருங்கள். பரிமாறுவது நான்.