மந்திரவாதியின் பொத்தான்

தன் மந்திரவாதியை யாராலும் அசைக்க முடியாது என்று கண்ணாடிக் கடைக்காரருக்கு அப்படியொரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் மனைவியிடம் பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாப்பாட்டு மேஜை அவருடைய ராஜ்ஜியம். பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. கதை சொல்வதும் விதி எழுதுவதும் வில்லனான மந்திரவாதியை ஆட்டிவைப்பதும் அவர். வீரர்களாக ஆடுவது எதிர்வீட்டுப் பல் டாக்டரும் மச்சினனும். மூவருக்கும் வடித்துக் கொட்டுவது மனைவி.

"இன்னிக்கு நானும் ஆடுறேன். மந்திரவாதி செத்தா, இனிமே ஞாயித்துக்கிழமை சமையல் உங்களோடது."

"சாகலைன்னா?"

"இந்த விளையாட்டைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

கசக்குமா அவருக்கு?

ஆளுக்கேற்ற சக்தியை வடிவமைப்பதில் அவர் புலி. இது அவருடைய சொந்த அபிப்பிராயம். டாக்டருக்கு எதையும் நொறுக்கும் மாயக் குறடு கொடுத்திருந்தார். மச்சினனுக்கு, கொட்டாவி விட்டே எதிரியைத் தூங்க வைக்கும் சக்தி.

"எனக்கு?"

அன்று காலைகூட அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கியிருந்தார். எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

"உனக்கு, தொலைஞ்சதைக் கண்டுபிடிக்கிற சக்தி!" என்று எழுதிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பகடைகூட உருட்ட வேண்டாம். ஆனா ஒரு நாளைக்கு ஒரே தடவை. விதின்னா விதி!"

"அக்காவுக்கு ஒரு கத்தியாவது குடுங்க அத்தான்," என்றான் மச்சினன்.

"ஆளுக்கேத்த சக்திடா!"

சண்டை தொடங்கியது. மச்சினன் கொட்டாவி விட்டான். மந்திரவாதி தூங்கவில்லை, மச்சினன்தான் தூங்கிப்போனான். டாக்டர் குறடை வீசினார். மந்திரவாதிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"அவன் உயிர் உடம்புலயே இல்ல டாக்டர்! ஒரு சட்டைப் பொத்தான்ல அடைச்சு ஒளிச்சு வெச்சுட்டான். எங்க வெச்சான்னு இப்ப அவனுக்கே மறந்துபோச்சு!" கண்ணாடிக் கடைக்காரர் மீசையை முறுக்கினார்.

"அப்போ, தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க," என்றாள் மனைவி.

மீசையில் இருந்த கை அங்கேயே நின்றுவிட்டது.

"கண்டுபிடிச்சுட்டேன். சிம்மாசன இடுக்குல கிடக்கு."

"அது எப்படி உனக்கு..."

"உங்க சாமானெல்லாம் சோபா இடுக்குலதானே கிடக்கும்? அவன் நீங்க வளர்த்த பிள்ளை. வேற எங்க வைப்பான்? டாக்டர், குறடு!"

"நொறுக்கியாச்சும்மா!" என்றார் டாக்டர், நன்றிகெட்ட மனிதர்.

அடுத்த ஞாயிறு. மேஜையில் பகடை உருளும் சத்தம், டாக்டரின் சிரிப்பு. அடுப்பில் எல்லாம் ஒன்றாகப் பொங்க, சமையலறையிலிருந்து ஒரு குரல் கெஞ்சியது.

"ஏம்மா, இந்த உப்பு டப்பா எங்க இருக்கு?"

"காலையில உங்க கண்ணாடியை எடுத்துக் குடுத்தாச்சு. ஒரு நாளைக்கு ஒரே தடவை. விதின்னா விதி!"