கொட்டையெழுத்து அண்ணன் தந்த இடம்

கம்பம் பள்ளத்தாக்கில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி மூன்றையும் ஒரே எழுத்தில் நடத்திவைத்த ஒரே மனிதர் எங்கள் கொட்டையெழுத்து அண்ணன்தான்.

கம்பத்தில் இருந்த அவருடைய டி.டி.பி. கடையில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் எழுத்து வகைகள் குவிந்து கிடந்தன. அண்ணனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. பழைய நாடக நோட்டீஸ்களில் வருமே, நெட்டையாக, நெருக்கமாக, தடியாக, கோட்டின் நுனிகளில் குட்டிப் பாதம் வைத்து, அது. பல் டாக்டருக்கு விசிட்டிங் கார்டும் அதில்தான் அடித்தார்.

"என்னங்க, பல்லப் பிடுங்குறதுக்கு முன்னாடியே பயமுறுத்துது?" என்றார் டாக்டர்.

"பயந்தாத்தான் சார் ஒழுங்கா பல்லு வெளக்குவாக."

கோம்பைக்காரர் ஒருவர் நாயைக் காணோம் என்று நோட்டீஸ் அடிக்க வந்தார். நாயோடு அவர் நிற்கிற படம்தான் இருந்தது. அதைப் போட்டு, கீழே அவர் பெயரைக் கொட்டையெழுத்தில் அடித்து ஒட்டினோம். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது கண்ணீர் அஞ்சலி. மறுநாள் காலையில் மாலையோடு வந்தவர்களுக்கு அவரே கதவைத் திறந்தார்.

நேரே கடைக்கு வந்துவிட்டார். "ஏலே, என்னைய உசுரோட பொதைச்சுட்டியேடா!"

"எம்புட்டுச் சனம் வந்தாக பாத்தீகளா? அது இருக்கட்டும், நாயி?"

அவர் குரல் இறங்கியது. "அதுவும் அந்தக் கூட்டத்தோடதான் வந்துச்சு."

பிறகு என் கல்யாணம் கூடிவந்தது. அப்பா போனபின், திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்து என்னை வளர்த்தவள் அம்மா. பத்திரிகை அடிக்கப் பெரியப்பா கடைக்கு வந்து பெயர்களைச் சொல்லச் சொல்ல, நானே டைப் அடித்தேன். மாமா, சித்தப்பா, பங்காளிகள் எல்லாரும் பட்டியலில் வந்தார்கள். அம்மா வரவில்லை.

"அம்மா பேரு, பெரியப்பா?"

"எடமில்லத்தா," என்றார், தரையைப் பார்த்து. தாலி இழந்தவள் பெயர் மங்கல காரியத்தில் வேண்டாம் என்பதை அவர் அப்படிச் சொன்னார். என் விரல்கள் நின்றுவிட்டன.

அண்ணன் எழுந்து வந்தார். "எடந்தான பிரச்சன? நம்ம எழுத்து நெருக்கி நிக்கும். ஊரே அடங்கும்."

"அதுக்கில்லப்பா... நல்ல காரியம்..."

"எடமில்லன்னு சொன்னீக, எடத்த நான் தாரேன். வேற காரணம் இருந்தா, இந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. "போடு," என்றார்.

பங்காளிகளையெல்லாம் நெருக்கி உட்காரவைத்து, அப்பா பெயருக்குப் பக்கத்தில் 'பேச்சியம்மாள்' என்று நெட்டையாக நிறுத்தினார் அண்ணன். பத்திரிகையைக் கையில் வாங்கிய அம்மா, தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "கண்ணாடி போடாமலே தெரியுதே," என்று மட்டும் சொன்னாள்.

சடங்கு முடியும்வரை சமையல்கட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், கல்யாணத்தன்று பட்டுச்சேலை கட்டி முன்னால் வந்து நின்றாள். முதல் பந்தியில் அண்ணனைக் கைபிடித்து உட்காரவைத்து, அவருக்கு அவளே இலை போட்டாள்.